தரையிறங்கிய பின் டாக்ஸி: ஓடுபாதையிலிருந்து நிறுத்துமிடம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தில் பயிற்சி பெற்று, கட்டுப்பாட்டுக் கோபுரம் (டவர்) உள்ள விமான நிலையங்களில் தனியாக இறங்கத் தொடங்கியிருக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். டாக்ஸி என்றால் விமானம் தன் எஞ்சின் சக்தியில் தரையில் உருண்டு செல்வது. பக்கத்து இருக்கையில் அமர்ந்து பார்த்தவரையில், மாணவர்கள் தடுமாறுவது சக்கரம் தரையைத் தொடும் நொடியில் அல்ல, அதற்கடுத்த இரண்டு மூன்று நிமிடங்களில்தான். தரை தொட்டதும் தோள்கள் தளர்கின்றன, கை ஃபிளாப்பின் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் மடிப்பின்) நெம்புகோலைத் தேடுகிறது, கண் செக்லிஸ்டுக்குப் போகிறது. விமானமோ இன்னும் 40 நாட் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கீழே சொல்லப்படும் பிழைகளில் பெரும்பாலானவை, செய்யவேண்டிய வேலையையே செய்யக்கூடாத இடத்தில் செய்வதால் வருபவை. ஆகவே வேலைகளின் பட்டியலைவிட அவற்றின் வரிசையைத்தான் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். உங்கள் விமானத்தின் கையேடும், நீங்கள் இறங்கும் நிலையத்தின் வெளியிடப்பட்ட நடைமுறையும் வேறாகச் சொன்னால் அவற்றையே பின்பற்றுங்கள்.

1. வானில் இருக்கும்போதே முடித்துவைக்க வேண்டியவை

தரையில் செல்லும் பாதையைத் தரைக்கு வந்த பிறகு படிக்க நேரம் இருக்காது. நிலையத்துக்கு 10, 15 மைல் தொலைவில் இருக்கும்போதே, சர்க்யூட்டில் (இறங்கும் முன் நிலையத்தைச் சுற்றும் பாதையில்) சேர்வதற்கு முன்பாக, விமான நிலைய வரைபடத்தைத் தொடைமேல் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் திசை மேலே இருக்கும்படி தாளைத் திருப்பி வைத்தால், தாளில் இடப்பக்கம் இருப்பது கண்ணாடிக்கு வெளியேயும் இடப்பக்கமே இருக்கும். களைத்த மூளைக்கு இது பெரிய உதவி.

வரைபடத்தில் மூன்றைத் தேடுங்கள். என் விமானம் எந்த வெளியேறு வழியில் இயல்பாக வேகம் குறையும்? ஏப்ரன் (விமானங்கள் நிறுத்தும் தளம்) எந்தப் பக்கம்? அங்கே போகும் வழியில் வேறு ஓடுபாதை எதையாவது கடக்க வேண்டியிருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று விடை வந்தால், அந்தக் கடவையைப் பென்சிலால் வட்டமிடுங்கள். வரைபடத்தில் ‘ஹெச்எஸ்’ என்ற எழுத்துகளும் ஒரு எண்ணும் குறிக்கப்பட்ட இடங்கள் ஹாட் ஸ்பாட்டுகள். முன்பு தவறு நடந்த, அல்லது நடக்க வாய்ப்புள்ள சந்திகள் என்று அந்த நிலையமே அவற்றை அடையாளம் காட்டுகிறது.

மூடப்பட்ட டாக்ஸிவே (ஓடுபாதையையும் ஏப்ரனையும் இணைக்கும் வழி) ஏதாவது உண்டா என்று நோட்டாம் எனப்படும் விமானிகளுக்கான அறிவிப்பில் பாருங்கள். தரையில் நகரும் விமானங்களை வழிநடத்தும் கிரவுண்டுக்குத் தனி அலைவரிசை இருந்தால் அதை ரேடியோவின் ஸ்டாண்ட்பையில் ஏற்றிவையுங்கள். பிறகு திட்டத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்: ‘இன்ன ஓடுபாதையில் இறங்குகிறேன், இன்ன வழியில் இடப்பக்கம் வெளியேறுவேன், கோட்டைத் தாண்டி நிற்பேன்.’ வாய்விட்டுச் சொல்லும்போதுதான் திட்டத்தில் உள்ள ஓட்டை நமக்கே கேட்கும்.

இங்கே வழக்கமான பிழை, புறப்படும்போது போன வழியிலேயே திரும்பி வருவோம் என்று நம்புவது. காற்று திரும்பி, எதிர்முனையில் இறங்க நேர்ந்தால், நன்கு தெரிந்த சொந்த நிலையமே அன்னிய ஊராகிவிடும்.

2. தரையில் உருளும்போது கைகளைக் கட்டிப்போடுங்கள்

இந்தக் கட்டத்தில் வேலை ஒன்றுதான்: நடுக்கோட்டில் நேராக ஓடி வேகத்தைக் குறைப்பது. த்ராட்டில் (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைப்பது) முழுவதும் மூடியிருக்க வேண்டும். யோக்கை (விமானியின் கைப்பிடிச் சக்கரத்தை) படிப்படியாகப் பின்னுக்கு இழுங்கள். பக்கக் காற்று இருந்தால், வேகம் குறையக் குறைய எய்லரான் (இறக்கை முனையை ஏற்றி இறக்கும் பரப்பு) காற்றுப் பக்கம் அதிகமாகத் திருப்பப்பட வேண்டும். வேகத்தோடு சேர்ந்து கட்டுப்பாட்டுப் பரப்புகளின் வலிமையும் குறைவதே காரணம். மாணவர்கள் பலர் தரை தொட்டதும் யோக்கை நடுவுக்கு விட்டுவிடுகிறார்கள். அந்த நொடியில்தான் காற்றுப் பக்க இறக்கை எழும்புகிறது.

மூக்குச் சக்கரம் தரையில் அமர்ந்த பிறகு பிரேக்கை இரு காலாலும் சமமாக, மெதுவாகத் தொடங்கி அழுத்துங்கள். குதிகால் தரையில் இருக்கட்டும். பாதம் முழுவதும் பெடலின் மேலேறியிருந்தால் ரடருக்காக (வாலின் திசைத் தகட்டுக்காக) உதைக்கும் ஒவ்வொரு உதையும் பிரேக்காகிவிடும். இறக்கை இன்னும் எடையின் ஒரு பகுதியைத் தாங்கிக்கொண்டிருக்கும்போது பலமாக அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு, டயரில் தட்டையான தேய்மானம் விழும்.

ஃபிளாப்பைத் தொடாதீர்கள். குறுகிய ஓடுபாதையில் இறங்கும் முறையில், பிரேக்கின் பிடிப்பை அதிகரிப்பதற்காகத் தரை தொட்டதும் ஃபிளாப்பை ஏற்றச் சொல்லும் கையேடுகள் உண்டு, 172-இன் கையேடும் அப்படித்தான் சொல்கிறது. அந்த ஒரு முறையைத் தவிர மற்ற எப்போதும் அது காத்திருக்கட்டும். சக்கரம் மடங்காத 172-இல் இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கும் மாணவர் எல்லாத் தொகுதியிலும் ஒருவர் இருப்பார். இன்று இல்லை, ஆனால் நாளை சக்கரம் மடங்கும் இரட்டை எஞ்சின் விமானத்தில் அமரும்போது, உருளும் ஓட்டத்தில் ஒரு நெம்புகோலை நோக்கிப் போகும் உங்கள் கை, தவறான நெம்புகோலைப் பிடிக்கக்கூடும். பழைய பீச்கிராஃப்ட் பொனான்சா, பேரன் வகைகளில் பலவற்றில் இந்த இரண்டு நெம்புகோல்களும் மற்ற விமானங்களில் இருப்பதற்கு நேர்மாறான இடங்களில் இருந்தன. தரையில் சக்கரத்தை மடக்கிவிட்ட விபத்துகள் அவற்றில் குவிந்ததால், 1980-இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதற்கென்றே தனி ஆய்வறிக்கை வெளியிட்டது. தரையில் இருக்கும்போது சக்கரம் மடங்காமல் தடுக்கும் சுவிட்ச் இருக்கிறதே என்றால், இறக்கை எடையைத் தாங்கும் வேகத்தில் அந்தச் சுவிட்ச் இன்னும் அழுந்தாமலே இருக்கலாம்.

3. எந்த வழியில் வெளியேறுவது

டவர் குறிப்பிட்டுச் சொன்ன வழி, அல்லது பாதுகாப்பான வேகத்தில் எட்டக்கூடிய முதல் வழி. ‘சீக்கிரம் வெளியேறுங்கள், பின்னால் விமானம் வருகிறது’ என்று டவர் சொன்னவுடன், அருகிலிருக்கும் திருப்பத்தைப் பிடித்தே தீரவேண்டும் என்று பிரேக்கை மிதிப்பவர்கள் உண்டு. வேகம் குறையவில்லை என்றால் ‘அனேபிள்’ (முடியாது) என்று சொல்லி அடுத்த வழிக்குப் போங்கள். பின்னால் வருபவர் மறுசுற்று போவது அவருக்கு ஐந்து நிமிட இழப்பு. திருப்பத்தில் பக்கவாட்டில் சறுக்கி நீங்கள் புல்லுக்குள் போனால் ஓடுபாதையே மூடப்படும்.

90 பாகைத் திருப்பத்துக்குள் நுழையும்போது வேகம் ஒருவர் விரைந்து நடக்கும் அளவுக்கு வந்திருக்க வேண்டும். பெரிய நிலையங்களில் சுமார் 30 பாகைச் சாய்வில் பிரியும் விரைவு வெளியேறு வழிகள், பெரிய ஜெட்கள் ஈரத்தரையிலும் மணிக்கு 93 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பக்கூடியபடி வடிவமைக்கப்படுகின்றன. அதைப் பார்த்துச் சிறு விமானத்தில் நீங்களும் வேகத்தோடு திரும்ப முயல வேண்டாம். இந்தச் சாய்வு ஒரே திசைக்கானது என்பதையும் கவனியுங்கள். எதிர்முனையில் இறங்கி வரும்போது அதே வழி உங்களுக்கு ஏறக்குறைய பின்னோக்கி வளையும் கொக்கியாக இருக்கும். இறங்கும் ஓட்டத்தில் அதற்குள் திரும்பப் பார்க்காதீர்கள்.

குறுக்கே இன்னொரு ஓடுபாதை வந்தால் அனுமதி இல்லாமல் அதில் திரும்பக்கூடாது. சென்னையில் 07/25, 12/30 என்ற இரு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. இப்படிப்பட்ட சந்திப்பில் உருளும்போது, மற்ற எல்லா வழிகளையும்விட அகலமாக, ‘இதோ நான் இருக்கிறேன்’ என்று அழைப்பது அந்த இன்னொரு ஓடுபாதைதான். டாக்ஸிவேயின் கோடுகள் மஞ்சள், ஓடுபாதையின் கோடுகள் வெள்ளை. திரும்பப்போகும் தளத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் திருப்பத்தை நிறுத்துங்கள்.

ஓடுபாதையிலேயே பின்திரும்பி வருவதற்கும், அதாவது பேக்டிராக் செய்வதற்கும், தனி அனுமதி வேண்டும். இணை டாக்ஸிவே இல்லாத சிறு நிலையங்களில் இது அன்றாட நடைமுறை என்பதாலேயே அது தவறுக்கும் வழி வகுக்கிறது. என் மாணவர் ஒருவர் அப்படியொரு நிலையத்தில் ஒரே காலையில் பலமுறை இறங்கினார். ஒவ்வொரு முறையும் டவர் பேக்டிராக் அனுமதி தந்தது. கடைசி முறை டவர் அதைச் சொல்லவில்லை. அவரோ கேட்டதாகவே நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். ‘சொன்னாங்களே சார்’ என்றார் உறுதியாக. முந்தைய இறக்கங்களின் குரல் அவர் காதில் மிச்சமிருந்தது.

4. கோட்டைத் தாண்டுவது

ஓடுபாதையை விட்டு வெளியேறும் டாக்ஸிவேயின் குறுக்கே நான்கு மஞ்சள் கோடுகள் இருக்கும்: ஓடுபாதைப் பக்கம் இரண்டு விட்டுவிட்டு வரும் கோடுகள், மறுபக்கம் இரண்டு முழுக்கோடுகள். விட்டுவிட்டு வரும் கோடுகள் உங்கள் பக்கம் இருந்தால் நீங்கள் ஓடுபாதைப் பக்கம் இருக்கிறீர்கள், தாண்டியாக வேண்டும். முழுக்கோடுகள் உங்கள் பக்கம் இருந்தால் அனுமதியின்றித் தாண்டக்கூடாது.

விமானத்தின் கடைசி அங்குலமும் முழுக்கோடுகளுக்கு அப்பால் போனால்தான் ஓடுபாதை காலி. 172-இன் நீளம் 8 மீட்டருக்குச் சற்று அதிகம். கோடு உங்கள் தோளுக்கு நேராக வரும்போது, ஐந்தாறு மீட்டர் வால் இன்னும் உங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மாணவர்கள் கோடு கண்பார்வையிலிருந்து மறைந்ததும் நின்றுவிடுகிறார்கள். வால் கோட்டின் மேல் நிற்கிறது, டவர் பின்னால் வரும் விமானத்தை மறுசுற்றுக்கு அனுப்புகிறது, ஏன் என்று மாணவருக்குப் புரிவதில்லை. கோடு மறைந்த பிறகு இன்னும் ஒரு விமான நீளம் போய் நில்லுங்கள். அதற்காக மூக்கு அடுத்த டாக்ஸிவேக்குள் சற்று நீட்டிக்கொண்டிருக்க நேர்ந்தாலும் பரவாயில்லை, ஆனால் இன்னொரு ஓடுபாதைக்குள் மட்டும் நீளக்கூடாது.

இரவில், மைய விளக்குகள் பொருத்தப்பட்ட வழிகளில், ஓடுபாதையிலிருந்து வெளியே அழைத்துவரும் விளக்குகள் பச்சையும் மஞ்சளும் மாறிமாறி இருக்கும். பச்சை மட்டும் தொடரும் இடம் வந்த பிறகே, ஐஎல்எஸ் என்ற, தரையிறங்க வழிகாட்டும் கருவியின் கதிரைப் பாதிக்கக்கூடிய பகுதியைக் கடந்திருக்கிறீர்கள்.

பிறகு நில்லுங்கள். உண்மையாகவே நில்லுங்கள், ஊர்ந்துகொண்டே ‘நின்றதாக’ எண்ணுவது நிற்பதாகாது. நிற்காமல் போகச்சொல்ல டவருக்குக் காரணம் இருந்து, உடனே நகரச் சொன்னால் மட்டும் இது விலக்கு.

5. நின்ற பிறகு: முதலில் பேச்சு, அடுத்து செக்லிஸ்ட்

‘ரன்வே வெக்கேட்டட்’ (ஓடுபாதையை விட்டு வெளியேறிவிட்டேன்) என்ற சொல்லைக் கேட்டு டவர் ஒரு முடிவை எடுக்கிறது: அடுத்த விமானத்தை இறங்கவிடுகிறது. எனவே வால் கோட்டைத் தாண்டாமல் அதைச் சொல்லாதீர்கள். டவர் சொல்லும்வரை கிரவுண்டுக்கு மாறாதீர்கள். நீங்களாக மாறிவிட்டால், அந்த இடைவெளியில் டவர் உங்களை நிறுத்தச் சொன்னாலும் அது உங்களுக்குக் கேட்காது.

வழி சொல்லப்படும்போது எழுதுங்கள். முழு வாக்கியமாக அல்ல. டாக்ஸிவே எழுத்துகளும், நிற்கவேண்டிய இடத்தில் ஒரு குறுக்குக் கோடும் போதும். ‘ஹோல்ட் ஷார்ட்’ (கோட்டுக்கு முன் நில்), ‘கிராஸ்’ (கடந்து போ), ‘பேக்டிராக்’ ஆகிய மூன்றையும் ஓடுபாதை எண்ணோடும் உங்கள் அழைப்புக்குறியோடும் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ரோஜர்’ என்பது கேட்டேன் என்று சொல்கிறதே தவிர, என்ன கேட்டீர்கள் என்று சொல்லாது. நீங்கள் தவறாகக் கேட்டிருந்தால் அதைத் திருத்த டவருக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு இந்தத் திருப்பிச் சொல்லல்தான்.

‘இன்ன நிறுத்துமிடத்துக்கு டாக்ஸி செய்யவும்’ என்ற அனுமதி, வழியில் உள்ள ஓடுபாதைகளைக் கடக்கும் அனுமதியைத் தருவதில்லை. அமெரிக்காவில்கூட முன்பு வேறு மாதிரி இருந்தது. 2010 ஜூன் 30 முதல் அங்கும் ஒவ்வொரு ஓடுபாதைக்கும் தனித்தனி அனுமதி என்றானது. வழியில் ஒரு ஓடுபாதை இருந்து, அதைப்பற்றி எதுவும் சொல்லப்படவில்லை என்றால், கோட்டுக்கு முன் நின்று கேளுங்கள்.

அனுமதி கிடைத்ததும் கிளம்பிவிடாதீர்கள். விரலை வரைபடத்தில் வைத்து, இருக்கும் இடத்திலிருந்து போகவேண்டிய இடம்வரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். விரல் எங்காவது தயங்கினால் அங்கேதான் விமானமும் தயங்கும். அதை இப்போதே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம்.

இதற்குப் பின்புதான் செக்லிஸ்ட். ஃபிளாப் மேலே, கார்பரேட்டர் ஹீட் இருந்தால் அணைப்பு, லேண்டிங் லைட்டும் ஸ்ட்ரோபும் அணைப்பு, டாக்ஸி லைட் எரியட்டும், டிரிம், கையேடு அனுமதித்தால் ஸ்பார்க் பிளக்கில் கரி படியாமலிருக்க மிக்ஸ்சரில் (எரிபொருள், காற்றுக் கலவையில்) எரிபொருள் சற்றுக் குறைவாக. ரேடாருக்குப் பதில் தரும் டிரான்ஸ்பாண்டரை எங்கே அணைப்பது என்பதில் நிலையத்துக்கு நிலையம் நடைமுறை வேறுபடும். தரை ரேடார் உள்ள நிலையங்கள் நிறுத்துமிடம்வரை அதை இயக்கத்தில் வைத்திருக்கச் சொல்கின்றன.

நகர்ந்துகொண்டே இதைச் செய்தால் என்ன என்று கேட்பவருக்கு ஒரு கணக்கு. 10 நாட் என்பது நொடிக்கு 5 மீட்டருக்கு மேல். கண் ஐந்து நொடி உள்ளே குனிந்தால் விமானம் 25 மீட்டர் குருடாக ஓடுகிறது. தவறான திருப்பத்தில் நுழைய அதில் பாதியே போதும். பெரிய விமானங்களில் ஒருவர் ஓட்ட மற்றவர் செக்லிஸ்ட் பார்க்கிறார். உங்களுக்கு அந்த மற்றவர் இல்லை.

6. நகரும்போது: வழி தவறுவது எப்படி நடக்கிறது

1999 டிசம்பர் 6-ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் கடும் மூடுபனி. யுனைடெட் நிறுவனத்தின் போயிங் 757 ஒன்று 5ஆர் ஓடுபாதையில் நல்லபடியாக இறங்கி, ஓடுபாதையை விட்டும் வெளியேறியது. நவம்பர், டாங்கோ ஆகிய டாக்ஸிவேக்கள் வழியாக, 16 ஓடுபாதையைக் கடந்து, முனையத்துக்கு வரச்சொன்னார்கள். விமானிகள் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு வேறு டாக்ஸிவேயில் சென்று, தாங்கள் சற்றுமுன் இறங்கிய அதே ஓடுபாதைக்குள் மீண்டும் வந்து நின்றார்கள். ஓடுபாதையில் இருக்கிறோம் என்று தோன்றியது, சொல்லவும் செய்தார்கள். ஆனால் எந்த இடம் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. டவர் அவர்கள் வெளியே இருப்பதாகவே நம்பியது. சரக்கு விமானம் ஒன்று அவர்களை மிக நெருக்கத்தில் கடந்து மேலெழுந்தது. அடுத்துப் புறப்பட அனுமதிக்கப்பட்ட விமானத்தின் குழுவினர், இந்தக் குழப்பம் தீரும்வரை ஓடுபாதையில் நுழைய மாட்டோம் என்று மறுத்தார்கள். யாருக்கும் காயமில்லை. அந்த மறுப்பைத்தான் நான் மாணவர்களிடம் அதிகம் சொல்வேன், ஆனால் இந்த வழிகாட்டிக்கு வேண்டியது முதல் பாதி: இறங்கியாயிற்று, வெளியேறியாயிற்று, இனி என்ன என்ற நிலையில் தவறிய ஒரே ஒரு திருப்பம்.

அந்தத் தவறைத் தடுக்கும் பழக்கம் எளியது, அலுப்பூட்டக்கூடியது. ஒவ்வொரு சந்திப்புக்கு முன்பும் பலகையைப் படித்து, வாய்விட்டுச் சொல்லுங்கள். கறுப்புத் தளத்தில் மஞ்சள் எழுத்து, நீங்கள் இப்போது இருக்கும் இடம். மஞ்சள் தளத்தில் கறுப்பு எழுத்து, அம்புக்குறி காட்டும் பக்கம் இருக்கும் வழி. சிவப்புத் தளத்தில் வெள்ளை எழுத்து, அனுமதியின்றி நுழையக்கூடாத இடம். மாணவர்கள் தேடுவது எப்போதும் மஞ்சள் பலகையைத்தான், ‘அடுத்து எங்கே’ என்ற கேள்விக்காக. ‘இப்போது எங்கே’ என்று சொல்லும் கறுப்புப் பலகையை யாரும் பார்ப்பதில்லை. வழி தவறியதை முதலில் சொல்லும் பலகை அதுதான்.

திசைகாட்டியையும் பயன்படுத்துங்கள். 27 ஓடுபாதைக்கு (அதாவது 270 பாகைத் திசையில் உள்ளதற்கு) இணையான டாக்ஸிவேயில் எதிர்த்திசையில் வருகிறீர்கள் என்றால் திசை 090-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 140 காட்டினால் பலகையைப் பார்க்காமலே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும்.

இணை ஓடுபாதைகள் உள்ள நிலையங்களில் வேறொரு வலை உண்டு. வெளிப்பக்க ஓடுபாதையில் இறங்கி, முனையத்துக்குப் போக உள்பக்க ஓடுபாதையைக் கடக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் குறைவு. வெளியேறிய வேகம் தணிவதற்குள் அடுத்த நிறுத்துக்கோடு வந்துவிடுகிறது. லாஸ் ஏஞ்சலஸில் இந்த வகைத் தவறு மீண்டும் மீண்டும் நடந்ததால், தெற்கு ஓடுபாதையை 55 அடி நகர்த்திப் புதிதாகக் கட்டி, இரண்டுக்கும் நடுவே ஒரு டாக்ஸிவே அமைத்தார்கள். ஓடுபாதையையே பெயர்த்து வைக்கும் அளவுக்கு மனிதப் பழக்கம் பிடிவாதமானது. இப்படிப்பட்ட இடத்தில் இறங்கினால், வெளியேறும் வளைவிலேயே ‘அடுத்த கோட்டில் நிற்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே வாருங்கள். சிவப்பு நிறுத்த விளக்குகள் எரிந்தால், வாய்மொழி அனுமதி கிடைத்திருந்தாலும் தாண்டாதீர்கள். விளக்கு எரிகிறது என்று சொல்லிக் காத்திருங்கள்.

வேகத்துக்கு வருவோம். பிரேக்கை மிதித்துக்கொண்டே எஞ்சின் சக்தியை வைத்திருப்பது மாணவர்களிடம் நான் அதிகம் காணும் பழக்கம். முதலில் த்ராட்டிலைக் குறைக்க வேண்டும், பிறகே பிரேக். இல்லையெனில் பிரேக் சூடாகி, உண்மையில் தேவைப்படும்போது பிடிக்காது. பின்காற்றில் விமானம் தானாகவே வேகம் கூட்டும், அது புரியாமல் தவிக்க வேண்டாம்.

காற்றுக்கேற்ற யோக் நிலையைத் தரையிலும் விடாதீர்கள். காற்று முன்பக்கச் சாய்வில் வந்தால் யோக்கைக் காற்றை நோக்கித் திருப்பி, எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பரப்பை) நடுநிலையில் வையுங்கள். பின்பக்கச் சாய்வில் வந்தால் காற்றுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, முன்னுக்குத் தள்ளுங்கள். இறக்கை மேலே அமைந்த விமானத்தைப் பின்பக்கச் சாய்வுக் காற்று வாலின் கீழ் புகுந்து தூக்கக்கூடும் என்பதால், இரண்டாவது நிலை முக்கியமானது. ஒவ்வொரு திருப்பத்திலும் காற்று வரும் பக்கம் மாறும், யோக்கும் மாற வேண்டும்.

நின்றிருக்கும் ஜெட் விமானத்தின் பின்னால் குறுக்கே போக நேர்ந்தால், அதன் சிவப்புச் சுழல் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் எஞ்சின் ஓடுகிறது அல்லது ஓடப்போகிறது என்று கொண்டு, தூரத்தில் நின்று கேளுங்கள்.

7. எங்கே இருக்கிறோம் என்று தெரியாவிட்டால்

டாக்ஸிவேயில் இருக்கிறோம் என்பது உறுதி, எந்த டாக்ஸிவே என்பதுதான் தெரியவில்லை என்றால், நில்லுங்கள், சொல்லுங்கள். ‘இருப்பிடம் உறுதியில்லை’ என்று கிரவுண்டிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள். புதிய நிலையம் என்று முதலிலேயே சொன்னால், ‘இடப்பக்கம் திரும்பு, அடுத்ததில் வலப்பக்கம்’ என்று படிப்படியாக அழைத்துச் செல்வார்கள்.

ஓடுபாதைக்குள் வந்துவிட்டோமோ என்ற ஐயம் எழுந்தால் விதி மாறுகிறது. அங்கே நிற்பதுதான் மிக ஆபத்தானது. ‘ரன்வேயில் இருக்கிறேன்’ என்று உடனே சொல்லிக்கொண்டே, கண்ணில் படும் அருகிலுள்ள டாக்ஸிவேக்கு வெளியேறுங்கள். மாணவர்கள் ‘தெரியாவிட்டால் நில்’ என்ற முதல் விதியை மட்டும் மனப்பாடம் செய்து, அதை வெள்ளைக் கோட்டின் மேலும் கடைப்பிடித்துவிடுகிறார்கள்.

ரேடியோ செத்துப்போனால் டவரின் விளக்கைப் பாருங்கள். தரையில் இருக்கும் விமானத்துக்கு நிலையான சிவப்பு என்றால் நில், விட்டுவிட்டு எரியும் சிவப்பு என்றால் ஓடுபாதையை விட்டு விலகு, விட்டுவிட்டு எரியும் பச்சை என்றால் டாக்ஸி செய்யலாம்.

8. ஏப்ரனும் நிறுத்தமும்

டாக்ஸிவேயில் நடுக்கோடு உங்களுக்கு இடைவெளியை உறுதி செய்கிறது. ஏப்ரனில் அந்த உறுதி தளர்கிறது. அங்கே வண்டியும் ஆளும் தளர்வாகக் கட்டிய விமானங்களும் உண்டு. 2011 ஏப்ரல் 11 இரவு நியூயார்க்கின் ஜேஎஃப்கே நிலையத்தில், சிறிய சிஆர்ஜே விமானம் ஒன்று இறங்கி வந்து, நிறுத்துமிடத்துக்குள் முழுவதும் நுழையாமல் நின்றிருந்தது. புறப்படுவதற்காகச் சென்ற ஏ380-இன் இறக்கை முனை அதன் வாலில் மோதி, அந்த விமானத்தையே சுழற்றிவிட்டது. ஏ380-இன் இறக்கை விரிவு ஏறக்குறைய 80 மீட்டர். இதில் சிறு விமானத்துக்கு உள்ள பாடம் இது: நிறுத்துமிடம் காலியாகும்வரை காத்திருக்க நேர்ந்தால், உங்கள் வால் எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள், டாக்ஸிவேயில் இருந்தால் கிரவுண்டுக்குச் சொல்லுங்கள்.

இறக்கை முனை தப்புமா என்ற ஐயம் வந்தால் தப்பாது என்றே கொள்ளுங்கள். எஞ்சினை நிறுத்தி, இறங்கிக் கையால் தள்ளுங்கள். ‘மெதுவாகப் போய்ப் பார்க்கலாம்’ என்று போனவர்களின் இறக்கை முனைகளைப் பட்டறையில் பார்த்திருக்கிறேன்.

வழிகாட்டும் பணியாளர் இரு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகச் சேர்த்தால் உடனே நிற்க வேண்டும். அவர் கண்ணில் படவில்லை என்றாலும் நிற்க வேண்டும். விமானத்தைக் கடைசி ஒரு மீட்டரில் மூக்குச் சக்கரம் நேராக இருக்கும்படி நிறுத்துங்கள். வளைந்த சக்கரத்தோடு நின்றால் பின்னர் தள்ளுவதும் கட்டுவதும் சிரமம்.

எஞ்சினை நிறுத்துவதற்கு முன் 121.5 அலைவரிசையில் ஒரு கணம் கேளுங்கள். கடினமான இறக்கத்தில் உங்கள் அவசர ஒலிபரப்பி தானாக இயங்கியிருந்தால் அதன் சைரன் ஒலி அங்கே கேட்கும். பிறகு ஏவியானிக்ஸ் (ரேடியோவும் வழிகாட்டும் கருவிகளும்) அணைப்பு, மிக்ஸ்சர் முழுவதும் பின்னுக்கு, புரொப்பெல்லர் நின்றதும் மேக்னட்டோ (எஞ்சின் பற்றவைப்பு) அணைப்பு, அடுத்து மாஸ்டர் சுவிட்ச். சாவியை எடுத்து டேஷ்போர்டின் மேல் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். யாரும் புரொப்பெல்லர் வட்டத்துக்குள் வராதபடி நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும், எஞ்சின் நின்ற பிறகும்.

சக்கரக் கட்டைகள் வைத்து, கட்டுப்பாட்டுப் பூட்டைப் போட்டு, இறங்கிய பிறகு டயர்களைச் சுற்றிப் பாருங்கள். தட்டையான தேய்மானம் புதிதாகத் தெரிந்தால், எந்த வெளியேறு வழிக்காக அவ்வளவு அழுத்தினீர்கள் என்று யோசித்து, டெக் லாகில் (விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேட்டில்) எழுதிவையுங்கள்.